கத்தரி அறிந்த கோடு

ஓவியம் கண்ணின் கலை என்று கருதுகிறோம். ஐம்பது வயதைக் கடந்தபின் பார்வையை முற்றிலும் இழந்த ஓர் ஓவியர், தூரிகையை வைத்துவிட்டுக் கத்தரியையும் வண்ணத்தாளையும் கையில் எடுத்தார். அவர் ஒட்டி உருவாக்கிய படங்கள் இந்திய நவீனக் கலையில் தனித்த இடம் பெற்றன. பினோத் பிகாரி முகர்ஜி என்னும் அக்கலைஞரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

தாளைக் கத்தரித்து ஒட்டுவது குழந்தைகளின் பொழுதுபோக்கு எனப் பலர் எண்ணுவதுண்டு. ஆனால், வெட்டி ஒட்டிப் படைக்கும் கலை நம்மிடையே வெகுகாலமாக வேர்கொண்டிருக்கிறது. தேர்த்திருவிழாவின்போது தேரின் மேற்கட்டில் அசையும் சீலைகளையும் தொம்பைகளையும் அருகில் சென்று பார்த்தால் இது விளங்கும். சிவப்புத் துணிமேல் வெள்ளையும் மஞ்சளும் கறுப்புமான துண்டுகள் யாளியாகவும் அன்னமாகவும் கொடியாகவும் வெட்டித் தைக்கப்பட்டிருக்கும். துண்டுகளின் விளிம்பைக்கொண்டே உருவம் பிறக்கிறது. ஐரோப்பாவில் 1912ஆம் ஆண்டளவில் பிக்காசோவும் பிராக்கும் செய்தித்தாள், சுவர்த்தாள் ஆகியவற்றின் துண்டுகளைத் தம் ஓவியங்களில் ஒட்டத் தொடங்கினர். ஒட்டுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அம்முறைக்குக் கொலாஜ் என்று பெயர் வந்தது. தமிழில் ஒட்டோவியம் என்கிறோம். பினோத் பிகாரி இம்முறைக்கு வந்த வழி வேறு. அவ்வழியை அறிய அவருடைய இளமைக்காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஒற்றைக்கண் பார்வை

பினோத் பிகாரி 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் கொல்கத்தாவை அடுத்த பெகாலாவில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையில்லை. மற்றொரு கண்ணிலோ கடுமையான கிட்டப்பார்வை. கல்வியில் சிறந்து விளங்கிய குடும்பத்தில் பிறந்தும், கண்ணின் குறையால் அவருக்குப் பள்ளிப்படிப்பு ஒழுங்காக வாய்க்கவில்லை. இரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் நடத்திய பள்ளிக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே 1919ஆம் ஆண்டு கலாபவனம் என்னும் கலைப்பள்ளி தோன்றியபோது, அதன் தொடக்ககால மாணவர்களுள் ஒருவரானார்.

அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் நந்தலால் போஸ். இத்துணைக் குறைந்த பார்வையுடைய இளைஞனால் ஓவியம் பயில இயலுமா என்னும் ஐயம் நந்தலாலுக்கு எழுந்தது. அதைத் தாகூரிடம் தெரிவித்தார். மாணவன் நாள்தோறும் வந்து அமர்ந்து ஊன்றிக் கற்பானாயின் அவனைத் தடுக்க வேண்டியதில்லை என்பதே தாகூரின் முடிவாக இருந்தது. அன்று வேறு முடிவு எடுக்கப்பட்டிருந்தால் இப்பாடத்திற்கு இடமே இருந்திராது. ஒரு மாணவனின் திறனை முன்கூட்டியே அளந்து ஒதுக்கிவிடாத அந்த மனப்பாங்கைச் சாந்திநிகேதனின் பெருஞ்செல்வமாகவே கருதலாம்.

கலாபவனத்தில் ஓவியம் ஒருபுறம், கைத்தொழில் மறுபுறம் என்ற பிரிவினை இல்லை. விழாக்களுக்குத் தரையில் கோலமிடுதல், நாடக மேடையை அணிசெய்தல், துணியில் மெழுகுச்சாயம் ஏற்றுதல், மரக்கட்டையில் செதுக்கி அச்சிடுதல், சுவரில் தீட்டுதல் ஆகிய அனைத்தையும் ஒரே மாணவன் கற்றான். பொருள் எதுவாயினும் அதன் இயல்பை அறிந்து வடிவம் தருவதே பயிற்சி. ஓவியரையும் வடிவமைப்பாளரையும் இருவேறு மனிதராகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் பின்னாளில் வந்தது. பினோத் பிகாரி 1925ஆம் ஆண்டு அங்கேயே ஆசிரியரானார். கலாபவனத்தின் நூலகமும் கலைக்காட்சித் தொகுப்பும் அவர் பொறுப்பில் இருந்த காலத்தில், பல நாடுகளின் கலைமரபுகளை நூல்வழி ஆழ்ந்து கற்றார்.

அவர் வரைந்தது பெரும்பாலும் தம்மைச் சுற்றியிருந்த வீர்பூம் நிலப்பகுதியை. செம்மண் மழையால் அரிக்கப்பட்டுப் பள்ளமும் மேடுமாகிக் கிடக்கும் அந்நிலத்தை அங்குள்ளோர் கோவாய் என்பர். அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் பனைகள், நடந்துபோகும் சந்தால் மக்கள், மேய்ந்து திரும்பும் எருமைகள் ஆகியவை அவர் படங்களில் இடம்பெற்றன. பல அடி நீளமுள்ள தாள்சுருளில் நடந்து செல்பவர் காணும் காட்சிபோல நிலத்தை விரித்துக்கொண்டே போகும் முறையையும் கையாண்டார். தொலைவில் உள்ளதைத் துல்லியமாகக் காண இயலாத ஒருவருக்கு இம்முறை இயல்பாகப் பொருந்தியது. ஒரே நோக்கில் முழுக்காட்சியையும் கைப்பற்ற வேண்டிய கட்டாயம் சுருளோவியத்தில் இல்லை. சிறிது பார்த்து, நினைவில் இருத்தி, அடுத்த பகுதிக்கு நகரலாம். 1937–38ஆம் ஆண்டுகளில் ஜப்பான் சென்றுவந்த பயணம் இப்போக்கை மேலும் உறுதிப்படுத்தியது. சோதாத்சு முதலிய பழைய ஜப்பானிய ஓவியர்கள் வெற்றிடத்தையும் படத்தின் ஓர் உறுப்பாகவே ஆண்டதை அங்கு அவர் நேரில் கண்டார்.

ஈரச்சுதையில் அடியார்கள்

அவருடைய சுவரோவியங்களுள் தலையாயது, சாந்திநிகேதன் இந்தி பவனத்தில் 1946–47ஆம் ஆண்டுகளில் தீட்டப்பெற்றது. நாட்டின் விடுதலை நெருங்கிக்கொண்டிருந்த அக்காலத்தில் சமயக் கலவரங்கள் வங்காளத்தை உலுக்கின. அப்போது அவர் தேர்ந்த பொருள், இடைக்கால இந்தியாவின் அடியார்கள். திருவரங்கத்தில் வாழ்ந்த இராமானுசரும், நெசவாளரான கபீரும், சூர்தாசரும், துளசிதாசரும், குரு கோவிந்த் சிங்கும் அச்சுவர்களில் இடம்பெற்றுள்ளனர். அவர்களை அரியணையில் வீற்றிருக்கும் தெய்வங்களாக அவர் வரையவில்லை. சுமை தூக்குவோர், வழிநடப்போர், தொழில்செய்வோர் என மக்கள்கூட்டம் ஆற்றுப்பெருக்குபோல நகர்ந்துசெல்ல, அதன் நடுவே அடியார்கள் தோன்றி மறைகின்றனர். தமிழ்நாட்டில் தோன்றிய இராமானுசரை வங்காளத்துச் சுவரில் காணும் தமிழர்க்கு இவ்வோவியம் அயலாகத் தோன்றாது.

தொழில்முறையாலும் இது அரிய செயல். சுண்ணச்சாந்து ஈரமாக இருக்கும்போதே நிறத்தை ஏற்ற வேண்டும். சாந்து காய்கையில் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு வினைபுரிந்து கல்போல இறுகும். நிறமும் அதனோடு இறுகிவிடும். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றிலுள்ள சோழர்கால ஓவியங்களும் ஈரச்சுதையில் தீட்டப்பட்டவை என்பர் அறிஞர். இம்முறையில் அழித்துத் திருத்த இயலாது. ஆதலின் சுவரளவுக்கு மாதிரிப்படம் வரைந்து, அதைச் சுவரில் பதித்துக்கொண்டு தீட்டுவதே வழக்கம். பினோத் பிகாரியோ சிறு குறிப்புப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு நேரே சுவரில் வரைந்தார். மூன்று சுவர்களின் மேற்பகுதி முழுதும் விரியும் ஓவியம் அது. சாரத்தின்மேல் சுவருக்கு மிக நெருக்கமாக நின்றால்தான் அவருக்குக் கண் தெரியும். பின்வாங்கி நின்று முழுமையைக் கண்டு சரிபார்க்க வழியில்லை. முழுமை அவர் மனத்துக்குள் இருந்தது. கண் அருகிலிருப்பதை மட்டும் காண, மொத்த அமைப்பை நினைவு தாங்கிநிற்கும் இப்பழக்கமே பத்தாண்டுகளுக்குப் பின் அவரைக் காத்தது என்று கருத இடமுண்டு.

இப்பணியில் அவருக்கு உதவிய மாணவர்களுள் கே.ஜி. சுப்ரமணியன் ஒருவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, விடுதலைப் போரில் சிறைசென்று, அதன்பின் 1944ஆம் ஆண்டு சாந்திநிகேதனை அடைந்தவர் அவர். மற்றொரு மாணவர் சத்யஜித் ரே. 1940 முதல் 1942 வரை கலாபவனத்தில் பயின்ற ரே, பின்னர் விளம்பர வடிவமைப்பாளராகவும் நூலட்டை ஓவியராகவும் பணியாற்றித் திரைப்படத்துக்கு வந்தார். துணி வடிவமைப்பில் புகழ்பெற்ற ரிதேன் மஜும்தாரும் இவரிடம் பயின்றவரே. ஆசிரியர் ஒருவரே; மாணவர்களோ ஓவியம், திரைப்படம், துணி என வெவ்வேறு துறைகளில் சென்று சிறந்தனர்.

இருள் சூழ்ந்த ஆண்டுகள்

1949ஆம் ஆண்டு பினோத் பிகாரி சாந்திநிகேதனை விட்டு நீங்கினார். நேபாள அரசின் காத்மாண்டு அருங்காட்சியகத்தில் காப்பாளராகப் பணியேற்றார். பின்னர் இராசத்தானத்து வனஸ்தலி வித்யாபீடத்தில் சிறிது காலம் கற்பித்தார். சிற்பியான தம் மனைவி லீலாவுடன் சேர்ந்து முசௌரியில் ஒரு கலைப்பயிற்சிப் பள்ளியையும் நடத்தினார். இதற்கிடையில், இருந்த ஒரு கண்ணின் பார்வையும் மங்கிக்கொண்டே வந்தது. 1956–57ஆம் ஆண்டுகளில் கண்புரைக்காகச் செய்யப்பட்ட அறுவை வெற்றிபெறவில்லை. எஞ்சியிருந்த ஒளியும் நீங்கியது.

நாற்பது ஆண்டுகள் வடிவத்தோடும் நிறத்தோடும் வாழ்ந்தவருக்கு இது எத்தகைய இழப்பு என்பதை விரித்துக் கூற வேண்டியதில்லை. ஆனால், இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இவர் வரலாற்றைச் சொல்வோர் பலர், குறையை வென்ற மனவலிமை என்று பாராட்டி அத்துடன் நிறுத்திவிடுவர். அப்பாராட்டில் ஒரு குறை உண்டு. கண்ணிழந்தவர் செய்தார் என்பதற்காகவே அப்படைப்புகளைப் போற்றினால், அவற்றைக் கலையாக நாம் பார்க்கத் தவறியவர்கள் ஆவோம். பினோத் பிகாரியின் ஒட்டோவியங்களுக்கு இரக்கத்தின் துணை வேண்டுவதில்லை. 2017ஆம் ஆண்டு ஜெர்மனியின் காசல் நகரில் டாக்குமென்டா என்னும் உலகக் கலைக்காட்சியில் அவர் படைப்புகள் இடம்பெற்றபோது, இருபதாம் நூற்றாண்டின் நவீன ஓவியம் என்ற தகுதியிலேயே அவை வைக்கப்பட்டன.

கத்தரியும் தாளும்

தூரிகையால் வரையும் கோட்டைக் கண்ணால்தான் காண இயலும். மை உலர்ந்தபின் விரல் அதை அறியாது. கத்தரியால் வெட்டிய கோடோ அவ்வாறன்று. தாளின் விளிம்பாக அது நிற்கிறது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தாளைப் பிடித்து நகர்த்தினால் வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை விரல்நுனி சொல்லிவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளை ஒட்டினால் மேலுள்ளது எது, கீழுள்ளது எது என்பதும் தொடுகையில் புலப்படும். பினோத் பிகாரி கண்டுகொண்டது இதைத்தான். வண்ணத்தாள்களைக் கத்தரித்தும் கிழித்தும் மடித்தும் தளத்தில் பொருத்தி ஒட்டத் தொடங்கினார். பழம் ஏந்திய பெண்ணும் சாய்ந்து கிடக்கும் மனிதரும் இவ்வாறு 1957ஆம் ஆண்டளவில் உருப்பெற்றனர்.

விளிம்பு ஒன்றே உருவத்தை உணர்த்துமா என்று ஐயுறுவோர், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அந்திப்பொழுதில் சூளகிரியைக் கடக்கும்போது உற்றுநோக்கலாம். பாறைப்பிளவும் புதரும் இருளில் மறைந்துவிடும். வானத்தின்மேல் கறுத்து நிற்கும் மலையின் விளிம்பு மட்டும் தெரியும். அவ்விளிம்பைக் கண்டே அவ்வழியில் நாள்தோறும் போய்வருவோர் ஊர் வந்ததை அறிவர். அப்பகுதித் தொழிற்பட்டறைகளில் இரும்புத்தகட்டை அச்சில் வைத்து உறுப்புகளை வெட்டியெடுக்கும் தொழிலாளர்க்கு வேறோர் உண்மையும் தெரியும். வெட்டியெடுத்த துண்டுக்கும், துளையோடு எஞ்சிய தகட்டுக்கும் விளிம்பு ஒன்றே. ஒட்டோவியத்திலும் அவ்வாறே. ஒரு பெண்ணின் தோளை வெட்டும் கத்தரி, அத்தோளைச் சூழ்ந்த வெளியையும் அதே வெட்டில் உருவாக்குகிறது. ஜப்பானில் வெற்றிடத்தின் மதிப்பை அறிந்துவந்த ஓவியருக்கு இது புதிய பாடமன்று.

நிறம்தான் பெருஞ்சிக்கல். எந்தத் தாள் சிவப்பு, எது நீலம் என்பதை விரல் அறியாது. பார்வையுடைய ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். சிவப்பு என்று சொல்லிவிட்டால் மட்டும் போதுமா? குங்குமச் சிவப்பா, செங்கல் சிவப்பா? அதனருகே மஞ்சளை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று உயர்த்துமா, விழுங்குமா? இவ்வினாக்களுக்கு விடைதருவது நாற்பதாண்டு நினைவு மட்டுமே. அவர் படங்களில் நிறங்கள் குழம்பாமல், எண்ணிக்கையிற் குறைந்து, பரந்த தளங்களாக நின்று ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பிரான்சு நாட்டு ஓவியர் மத்தீசும் முதுமையில் கத்தரியை நாடினார். 1941ஆம் ஆண்டு பெரிய அறுவை மருத்துவத்துக்கு உட்பட்டபின், நெடுநேரம் நின்று வரைய இயலாத நிலையில், நிறம்பூசிய தாள்களை வெட்டிப் பெரும்படங்களை ஆக்கினார். இருவரையும் ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை ஓரளவே பொருந்தும். மத்தீசு தாம் வெட்டியதைச் சுவரில் பொருத்தச் செய்து, பார்த்து, மாற்றி, மீண்டும் பார்த்து நிறைவுற்றார். பினோத் பிகாரிக்கு அந்த இரண்டாவது பார்வை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாளில் அமர்ந்திருக்கும் ஆட்டின் உருவை வெட்டிப் பாருங்கள். தலையிலிருந்து முதுகுக்கு வரும்போதே கால்களின் அளவை மனம் மறந்துவிடும். உருவம் முழுவதையும் உள்ளத்தில் நிறுத்திவைத்து, வெட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் அதனை அளந்தபடி கத்தரியைச் செலுத்தும் ஆற்றலைப் பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தி பவனத்துச் சாரத்தின்மேல் அவர் பழகியிருந்தார்.

தாளோடு அவர் நின்றுவிடவில்லை. மெழுகைப் பிசைந்து சிற்றுருவங்கள் செய்தார். தாளை மடித்து நிற்கும் வடிவங்கள் ஆக்கினார். தடித்த மைமுனையால் கோட்டோவியங்களும் வரைந்தார். ஓர் உருவத்தின் முதுகு எப்படி இருக்கும் என்பதை மெழுகில் தொட்டறிந்தால் தாளில் வெட்டும் கை தெளிவுபெறும். இவை யாவும் ஒன்றற்கொன்று துணைநின்றன.

மீண்டும் சாந்திநிகேதனில்

1958ஆம் ஆண்டு அவர் கலாபவனத்துக்குத் திரும்பினார். கலை வரலாறும் கலைக்கோட்பாடும் கற்பித்தார். தாம் கண்ணால் கண்ட படங்களை, இனிக் காண இயலாத நிலையில், காண்போர்க்கு விளக்கிச் சொல்லும் ஆசிரியராக அவர் இருந்தார்.

1972ஆம் ஆண்டு கலாபவனத்தின் சுவர் ஒன்றைச் சுடுமண் ஓடுகளால் அணிசெய்யும் பணியை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 68. தாளை மடித்தும் வெட்டியும் கண்டறிந்த உருவமொழியே மண்ணுக்கும் வந்தது. அகன்ற தளங்களாகவும் தெளிந்த விளிம்புகளாகவும் மனித உருவங்கள் அமைந்தன. ஓடுகள் பதிக்கப்படும்போது ஒவ்வொன்றையும் தடவிப்பார்த்து அவற்றின் இடத்தை உறுதிசெய்தார். பார்வையற்ற ஒருவர் பொதுவெளிக்காக வடிவமைத்த சுவர் அது. மேசைமேல் வைத்துத் தனிமையில் வெட்டிய தாள்களில் தொடங்கிய பயணம் வெயிலிலும் மழையிலும் நிற்கும் கட்டடக்கலையை அடைந்தது. ஒட்டோவியத்தைத் தனிமனித உணர்வின் வெளிப்பாடு என்று மட்டும் கொள்வோர்க்கு இச்சுவர் வேறொன்றையும் காட்டும்.

அச்சுவர் உருவாவதைப் பழைய மாணவர் சத்யஜித் ரே திரைப்படக் கருவியில் பதிவுசெய்தார். திரைப்படப் பிரிவுக்காக ரே எடுத்த, உட்கண் என்று பொருள்படும் பெயர்கொண்ட அக்குறும்படம் இருபது நிமிடங்களே ஓடுவது. ரே அதில் ஆசிரியரை இரங்கத்தக்கவராகக் காட்டவில்லை. தமக்குரிய தேநீரைத் தாமே கலந்துகொள்ளும் முதியவராக, கையால் உருவங்களைத் தேடும் தொழிலாளியாக, நகைச்சுவை குன்றாத மனிதராக அவரைக் காட்டினார்.

இந்திய அரசு 1974ஆம் ஆண்டு பத்ம விபூஷண் விருதையும், விசுவபாரதிப் பல்கலைக்கழகம் 1977ஆம் ஆண்டு தேசிகோத்தமா என்னும் தன் உயரிய சிறப்பையும் அவருக்கு அளித்தன. அவர் எழுத்தாளராகவும் சிறந்தார். பார்வையிழந்த பின் பிறர் எழுதிக்கொள்ளச் சொல்லிய நினைவுகளும் சிந்தனைகளும் சித்திரகர் என்னும் வங்க நூலாயின. ஓவியன் என்பது அதன் பொருள். பின்னாளில் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் கே.ஜி. சுப்ரமணியன். 1980ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் பினோத் பிகாரி மறைந்தார்.

அவருடைய ஒரே மகள் மிருணாளினி பரோடாவில் சுப்ரமணியனிடமே பயின்று சிற்பியானார். கல்லையும் உலோகத்தையும் நாடாமல் முதலில் அவர் எடுத்தது சணற்கயிறு. அதை முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு ஆளுயரத் தெய்வங்களையும் மலர்களையும் எழுப்பினார். வேலையைத் தொடங்குமுன் அவற்றுக்கு மாதிரிப்படம் வரையும் வழக்கம் அவருக்கு இல்லை.